புதிய பங்குக்குச் செல்லும் குருவைப் பற்றிய நகைச்சுவை நாவல் உண்டா?

கேள்வி:
புதிய பங்குக்கு (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதிக்கு) மாற்றலாகிச் செல்லும் கத்தோலிக்கக் குருவைப் பற்றி, விசுவாசத்தைக் கேலி செய்யாமலே சிரிக்க வைக்கும் நாவல் ஏதேனும் உண்டா?

மறுமொழி 1:
இத்தாலிய எழுத்தாளர் குவாரெஸ்கி 1948இல் வெளியிட்ட ‘டான் கமில்லோ’ நூலை வாசியுங்கள், ஐயா. இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் கம்யூனிஸ்ட் மேயர் பெப்போனேயுடன் மல்லுக்கு நிற்கும் பங்குத்தந்தை டான் கமில்லோ, கோயிலுக்குள் வந்ததும் பாடுபட்ட சுரூபத்தில் (சிலுவைச் சிலையில்) இருக்கும் இயேசுவிடம் வசமாக வாங்கிக்கட்டிக்கொள்கிறார்.

மறுமொழி 2:
அது நாவல் அன்று, சிறுகதைக் கோவை. மாற்றலும் அதில் சிறு பகுதியே. அதை வைத்து 1952இல் வந்த திரைப்படத்தில், மாற்றலாகிப் போகும் குருவை வழியனுப்ப உள்ளூர் ரயில் நிலையத்தில் ஒருவரும் வராதிருக்க, அடுத்த நிலையத்தில் பங்கு மக்களும், அதற்கடுத்ததில் மேயரின் தோழர்களும் காத்திருக்கும் இடம் அருமை.

மறுமொழி 3:
நாவலே வேண்டுமெனில் ஜே. எஃப். பவர்ஸ் எழுதிய ‘மோர்ட் டி அர்பன்’ பொருந்தும். பிரசங்கத்தால் புகழ்பெற்ற குரு ஒருவர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஒதுக்குப்புறத் தியான இல்லத்துக்கு அனுப்பப்பட்டு, அருகிலுள்ள பங்கையும் சிலகாலம் கவனிக்கிறார். சிரிப்பு சற்றுத் தாமதமாகத்தான் வரும்.