கண் வறட்சி: புதுப்பிப்பு

மாலையானால் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது, சொட்டு மருந்திலும் தணியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது பெருமளவு நிம்மதி கிடைத்திருப்பதால், அக்கறையோடு விசாரித்தவர்களுக்காக விவரம் தருகிறேன்.

கண்ணீர் போதிய அளவு சுரந்தாலும், இமை விளிம்பில் எண்ணெய் சுரக்கும் மெய்போமியன் சுரப்பிகள் அடைபட்டு, அதன்மேல் படிய வேண்டிய எண்ணெய்ப் படலம் மெலிந்துவிட்டதால், கண்ணீர் விரைவாக ஆவியாகிவிடுகிறது என்று மருத்துவர் விளக்கினார். ஆகவே அந்த அடைப்பு இளகுவதற்காக, சுமார் 40 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒத்தடத்தை 10 நிமிடம் மூடிய இமைமீது வைத்து, பிறகு விளிம்பை நோக்கி மென்மையாக நீவிவிடச் சொன்னார். துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் மறுபடி மறுபடி வெந்நீரில் நனைத்தாக வேண்டும். பலரும் சலித்துப்போய் நிறுத்திவிடுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆனது. பென்சல்கோனியம் குளோரைடு என்ற, மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள் கலந்த சொட்டு மருந்தை அடிக்கடி விட்டால் கண்ணின் மேற்பரப்பு பாதிக்கப்படக்கூடும் என்பதால், அது கலவாத மருந்துக்கும் மாற்றினார்.

மீன் எண்ணெய் மாத்திரையைச் சிலர் பரிந்துரைத்திருந்தீர்கள். கண் வறட்சி குறித்து 2018இல் வெளியான ட்ரீம் ஆய்வில், மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பை நாளொன்றுக்கு 3,000 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும், ஒப்பீட்டுக்காக ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படாததால் அதைத் தவிர்த்துவிட்டேன்.

வலியோ பார்வை மங்கலோ இருப்பவர்கள் ஒத்தடத்தோடு நின்றுவிடாமல் தாமதமின்றிக் கண் மருத்துவரைப் பாருங்கள்.