நவராத்திரி ஊர்வலத்துக்கு அரசு மரியாதை: மதச்சார்பற்ற அரசுக்கு இது பொருந்துமா?

தக்கலைவாசி கேட்டது:

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் திருவிதாங்கூர் மன்னரின் உடைவாள் கைமாற்றப்படுகிறது. அதன்பின் தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். தமிழகம், கேரளம் என இரு மாநிலத்து அமைச்சர்களும் அதிகாரிகளும் முன்னிற்க, காவலர்கள் துப்பாக்கி ஏந்தி அணிவகுப்பு மரியாதை செலுத்துகிறார்கள். எங்கள் தெருவில் மதம் பாராமல் எல்லோரும் வாசலில் நின்று பார்க்கும் ஊர்வலம் இது. இது நடக்கக்கூடாது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால், குறிப்பிட்ட ஒரு மதத்தின் வளர்ச்சிக்காக யாரிடமும் வரி வசூலிக்கக்கூடாது என்கிற அரசமைப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவை வைத்துப் பார்த்தால், அரசு இதில் இவ்வளவு நெருக்கமாக நிற்பது முறைதானா? நம் கன்னியாகுமரி மாவட்டக் கோயில்களுக்குக் கருவூலத்திலிருந்து பணம் போவதாகவும் சொல்கிறார்கள். அது எதனால்?

கல்குளம் வழக்கறிஞர்:

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் குழப்பம் அதிகம். அரசமைப்புச் சட்டத்தின் 290ஏ பிரிவு, கேரளக் கருவூலத்திலிருந்து திருவிதாங்கூர் தேவஸ்வம் (கோயில் நிர்வாக) நிதிக்கு ஆண்டுக்கு 46.5 லட்சம் ரூபாயும், 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து வந்த பகுதிகளின் கோயில்களுக்காகத் தமிழகக் கருவூலத்திலிருந்து 13.5 லட்சம் ரூபாயும் வழங்கப்பட வேண்டும் என்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நம் நான்கு தாலுகாக்களோடு செங்கோட்டையும் அந்தக் கணக்கில் சேரும். சட்டமன்றம் இந்தத் தொகையை விவாதிக்கலாம். வாக்கெடுத்து வெட்ட முடியாது.

இதை மானியம் என்று பார்ப்பதைவிடப் பழைய கடன் என்று பார்ப்பதே சரி. 1811ஐ ஒட்டி கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, கோயில் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டது. அவற்றின் வருமானம் பொதுக் கருவூலத்தில் கலந்துவிட்டதால், கோயில்களை நடத்தும் செலவும் அரசின் பொறுப்பாயிற்று. நிலத்தை வாங்கிக்கொண்டவர் கொடுக்கும் தொகை, மதத்தை வளர்க்கும் செலவு ஆகாது. இதற்கு மேல் இன்றைய அரசு தன் விருப்பத்தில் கொடுக்கும் தொகையைத்தான் 27ஆம் பிரிவோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் 2011இல் ஹஜ் மானிய வழக்கில், வரி வருவாயில் சிறு பங்கு செலவாவதால் மட்டும் அந்தப் பிரிவு மீறப்படாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

விளவங்கோடு ஆசிரியை:

வழக்கறிஞர் ஐயா பணத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் துப்பாக்கி ஏந்திய மரியாதையைக் கடன் என்று சொல்ல முடியாதே. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும், தக்கலை பீர்முகமது அப்பா தர்காவின் ஆண்டுவிழாவுக்கும் போலீஸ் வருகிறது. கூட்டத்தை ஒழுங்குபடுத்த வருகிறது. அந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் உரியது. சீருடையில் வணங்கி நிற்பது வேறு செயல். அந்த நேரத்தில் அந்தக் காவலர் தனி மனிதராக நிற்கவில்லை, அரசாக நிற்கிறார்.

நம் ஊரில் இது வெறும் சட்ட நுணுக்கம் அல்ல என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 1926இல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடந்தது, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக. வைக்கத்தில் அதற்கு முன்பே 1924இல் தொடங்கிய போராட்டமும் அப்படித்தான். பெரியார் அங்கே சிறை சென்றார். பொது வழியில் ஒரு சாராரை நடக்கவிடாமல், ஆசாரத்தின் பெயரால் அரசின் போலீஸே மறித்து நின்றது. அரசும் ஆசாரமும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் தாத்தா பாட்டிமார் தெருவில் அனுபவித்திருக்கிறார்கள்.

கல்குளம் வழக்கறிஞர்:

அம்மா சொல்வது உண்மை. ஆனால் 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியானபோது, ஒரே உத்தரவில் அத்தனை அரசுக் கோயில்களின் கதவுகளும் திறந்ததற்கும் அதே பிணைப்புதான் காரணம். அதனால்தான் 25ஆம் பிரிவு, வழிபாட்டோடு சேர்ந்த பொருளாதார, நிர்வாகக் காரியங்களை ஒழுங்குபடுத்தவும், இந்துப் பொதுக் கோயில்களை எல்லாப் பிரிவு இந்துக்களுக்கும் திறந்துவிடவும் அரசுக்கு இடம் வைத்திருக்கிறது. கணக்கைத் தணிக்கை செய்வதும் வாசலைத் திறந்து வைப்பதும் அரசின் வேலை. வாளை எடுத்துக் கொடுப்பது அந்தப் பட்டியலில் வராது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அதைத் தேவஸ்வம் அலுவலரும் அரச குடும்பத்தாருமே செய்து முடிக்கலாம்.

தக்கலைவாசி:

இருவருக்கும் நன்றி. பத்மநாபபுரம் அரண்மனை தமிழக மண்ணில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை என்பதால், எந்த மாநிலத்திடம் விண்ணப்பிப்பது என்றே எனக்குப் புரியாமல் இருந்தது. மரியாதை செலுத்துவது இரு மாநிலக் காவல்துறையும் என்பதால், காவலர்களைப் பாதுகாப்புக்கு மட்டும் நிறுத்துமாறு இரண்டு அரசுகளுக்கும் தனித்தனியே எழுதப்போகிறேன்.