எங்கள் நெல்லுக்கு வேலி போடாத மழை

ஆற்றங்கரை வீடு எழுதியது:

கடவுளை நம்பி நின்ற நேரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் அவரோடு சண்டை போட்ட நாளில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறந்த அன்று. விடாத மழை. வாசலில் கோலம் நிற்காது என்று அம்மா வீட்டு முன்கூடமான தார்சாவுக்குள்ளேயே போட்டாள். எங்களுக்குச் சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, தாமிரபரணி ஆற்றை ஒட்டி ஒரு கோட்டை நெல் விதைக்கிற அளவு வயல், ஒரு கோட்டை விதைப்பாடு என்போம். சொத்து அவ்வளவுதான். பிசானம் என்கிற நெல் பருவத்துக்கு நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. அந்த நடவுக்காக என் மனைவியின் வளையல் அடகுக்குப் போயிருந்தது.

பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து வந்த தண்ணீரோடு காட்டு வெள்ளமும் சேர்ந்துகொள்ள, ராத்திரி தெருவில் இடுப்பளவு ஓடியது. மேட்டில் இருக்கும் சர்ச்சில் போய் ஏறிக்கொண்டோம். கிறிஸ்துமஸுக்குக் கட்டியிருந்த காகித நட்சத்திரத்துக்குக் கீழே உட்கார்ந்து அம்மா "நெல்லையப்பா, காந்திமதித் தாயே" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். உபதேசியார் ஒரு சமுக்காளத்தை எடுத்துவந்து அவள் தோளில் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே முழங்கால் போட்டு ஜெபிக்க ஆரம்பித்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், வயலைக் காணோம். வரப்பும் இல்லை, மடையும் இல்லை. முழங்கால் அளவுக்கு ஆற்று மணல். ஒரே ஒரு இடத்தில் விரல் நீளத்துக்குப் பச்சை தெரிந்தது. அப்பா குனிந்து கையாலேயே தோண்டினார். ஒரு மூடு நாற்று. வேரை அறுக்காமல் மெதுவாக எடுத்து, மணலைத் தட்டி, ஈரத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

வேதபட்டர் கதை நெல்லைக்காரர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நைவேத்தியத்துக்கு நெல்லைக் காயப்போட்டுவிட்டு அவர் குளிக்கப் போனார். மழை பிடித்துக்கொண்டது. பதறிப்போய் ஓடிவந்தால் சுற்றிலும் வெள்ளம், நெல்லின் மேல் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. வேலி கட்டினாற்போல் சாமி காத்தார், ஊருக்கும் அதனாலேயே திருநெல்வேலி என்று பேர் வந்தது என்பார்கள்.

"ஊர் பேர்லயே வேலி இருக்கு. நம்ம நெல்லுக்கு மட்டும் ஏம்ப்பா போடல?" என்று வயலில் நின்று கத்திவிட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை. அப்புறம், "வேதபட்டர் நெல்லைக் கொண்டுபோய்க் காயப் போட்டாருல்லா. மழை வந்துருமோன்னு பானைக்குள்ளயே மூடி வச்சிருந்தா, சாமி எதுக்குல வேலி போடுது?" என்றார். மறுநாள் காலையில் மணல் அள்ள ஆள் தேடிக் கிளம்பிவிட்டார்.

சத்தியமாக எனக்கு அது உடனே ஏறவில்லை. கடன்காரனுக்கு என்ன சொல்வது என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. நெல்லையப்பர் கோயிலில் தைப்பூசத் திருவிழா சமயத்தில் அந்தத் திருவிளையாடலை நடத்துவார்கள். 2024 ஜனவரியில் அப்பா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் நின்றவர் ஜங்ஷன் பக்கம் கடை வைத்திருப்பவர், சரக்கு பூராவும் தண்ணீரில் போனது என்றார். தீபாராதனையின்போது அவரும் அப்பாவும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் கணக்குக் கேட்கப் போனவன். அந்த இரண்டு முகத்தையும் பார்த்த பிறகு கேட்க வாய் வரவில்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். வயலுக்கு வேலி போடாதவர் அப்பாவின் மனசுக்குப் போட்டிருக்கிறார் என்று அன்றைக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன்.

பாளையங்கோட்டை டீச்சர் எழுதியது:

அண்ணாச்சி, அதே ராத்திரி நான் திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸில் மகளோடு இருந்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்திவிட்டார்கள். வண்டியில் சுமார் 800 பேர். ஏன் நிறுத்தினார்கள் என்று நானும் கோபப்பட்டேன். அதற்கு மேல் பாதையில் ஜல்லி அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறது என்று பிறகுதான் தெரிந்தது. அதைக் கேட்டதும் கை நடுங்கிவிட்டது.

திங்கட்கிழமை பிஸ்கட்டும் தீர்ந்தது. பிள்ளை பசிக்கிறது என்கிறாள். சின்ன வயதிலிருந்து ஜெபம் சொல்லிப் பழகிய வாய்தான், அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, ஆண்டவரே" என்பது மட்டும்தான். புதுக்குடி ஊர்க்காரர்கள் சோறாக்கிக் கொண்டுவந்தார்கள். அவர்களைச் சுற்றியும் வெள்ளம்தான். ஒரு அம்மா என் மகளுக்கு முதலில் வைத்துவிட்டு, "நீயும் தின்னு தாயி, பிள்ளைக்குத் தெம்பு வேணும்லா" என்றார்கள். நான் கூப்பிட்டதற்குப் பதில் அந்தக் குரலில்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை வெளியே வந்தோம். அந்த அம்மாவின் பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, இன்றைக்கும் மனசு கிடந்து அடிக்கிறது. குடும்ப ஜெபத்தில் "புதுக்குடி அம்மா" என்றே சொல்கிறோம்.

உங்கள் வயல் என்ன ஆயிற்று?

ஆற்றங்கரை வீடு எழுதியது:

டீச்சர், பாதி வயலில்தான் மணலை அள்ள முடிந்தது. அதில் தை மாதக் கடைசியில் நட்டு, சித்திரையில் அறுத்தோம். பதினோரு மூடை. வட்டி கட்டினேன், வளையலைத் திருப்ப முடியவில்லை.

அப்பா துண்டில் சுற்றி எடுத்துவந்த அந்த ஒரு மூடு நாற்றைப் புறவாசலில் ஒரு ஓட்டை வாளியில் நட்டு வைத்திருந்தார். அது மாசியிலேயே கதிர் முற்றிவிட்டது. அம்மா அந்தக் கதிரை அப்படியே கட்டி நிலைப்படிக்கு மேலே தொங்கவிட்டாள். பாதியைக் குருவி தின்றுவிட்டது, மீதி இன்னும் தொங்குகிறது.

நேற்று இந்த வருஷப் பிசானத்துக்கு நாற்றுப் பாவினோம். இப்போது தூறல் விழுகிறது. அப்பா குடையை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார், நானும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.