பத்து வாரமா, 35 மணி நேரமா? இ-இங்க் ரீடரும் டேப்லெட்டும்

வடகரை:
"இ-இங்க் ரீடருக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டா பத்து வாரம் ஓடும், டேப்லெட் ஒரு நாள்கூடத் தாங்காது"ன்னு நூல்புழு எழுதியிருக்கார். இ-இங்க் ரீடர்னா தாள் மாதிரித் தெரியுற திரையில புத்தகம் படிக்கிற கருவி. அவர் எழுதினதைப் படிச்சதும் எரிச்சல்தான் வந்துச்சு. 2021 கிண்டில் பேப்பர்வைட் ரீடருக்கு அமேசான் சொன்ன அந்தப் பத்து வாரத்துக்கு நிபந்தனையும் உண்டு: தினம் அரை மணி நேரம்தான் வாசிக்கணும், வைஃபை அணைஞ்சிருக்கணும், வெளிச்சம் 24க்கு 13ல இருக்கணும். 70 நாள், அரை அரை மணி. ஆக 35 மணி நேரம். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்றது 10 மணி நேரம், அதுவும் வைஃபையில இணையம் பார்த்துக்கிட்டே. மணியை மணியோட ஒப்பிடுங்க.

நூல்புழு:
35ன்னு நீங்களே கணக்குப் போட்டுட்டீங்க. மூணரை மடங்கு. அப்புறம் என்ன பஞ்சாயத்து? இ-இங்க் திரைக்குள்ள நுண்ணிய உருண்டைகள் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னேற்றத்தோட மிதக்குது. பக்கம் மாறும்போது மட்டும் மின்னழுத்தம் கொடுத்தா போதும், தள்ளின இடத்துலயே துகள் நின்னுடும். ஒரே பக்கத்தை மூணு நாள் திறந்து வச்சாலும் அதைக் காட்ட கரண்ட் வேண்டாம். சார்ஜை அதிகமா இழுக்குறது ஓரத்து எல்இடி விளக்கும் வைஃபையும்தான். பகல்ல வெளிச்சத்தை 0ல வச்சுப் படிங்க, உங்க 35ஐத் தாண்டி எங்கயோ போயிடும்.

ஒரே வாரத்துல காலியாகுதுன்னு புலம்புறவங்க, ஐந்நூறு புத்தகத்தை ஒரே மூச்சுல ஏத்தினாங்களான்னு பாருங்க. சொல் தேடலுக்காக ஒவ்வொண்ணையும் கருவி உள்ளுக்குள்ள அட்டவணை போடும். இருபது இருபதா ஏத்தி, சார்ஜர்ல மாட்டி ராத்திரி விட்டுடுங்க.

வடகரை:
மூணரை மடங்குன்னா மூணரை மடங்குன்னு எழுதுங்க. பத்து வாரம்னு எழுதாதீங்க.

வல்லைக்காத்து:
பட்டரிச் சண்டையை விடுங்கோ. நூலகம் எண்ட இலங்கைத் தமிழ் மின்னூலகத் தளத்தில இருக்கிற பழைய புத்தகம் முழுக்க ஸ்கான் பிடிஎஃப். அதை ஆறு அங்குலத் திரையில எப்பிடி வாசிக்கிறது எண்டு சொல்லுறியளோ? எழுத்தைப் பெருப்பிக்க ஏலாது. கேலிபர் எண்ட மென்பொருளில போட்டு ஈபப் மின்னூலா ஆக்கினாலும் வாறது படம்தான்.

நூல்புழு:
ஏலும் அண்ணே, கணக்கு தெரிஞ்சா. 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஆறு அங்குலத் திரை 9.1 சென்டிமீட்டர் அகலம், 12.3 உயரம். சாதாரண டெமி அளவுப் புத்தகத்துல ஓரத்தை வெட்டினா அச்சுப்பகுதி சுமார் 10.5க்கு 17.5. நிமிர்த்திப் பிடிச்சா 70 சதவீதமா சுருங்கும், 11 புள்ளி எழுத்து 8க்கும் கீழே போயிடும். படுக்கைவாட்டுல திருப்புங்க: 12.3 அகலம் கிடைக்குது, எழுத்து அச்சுல இருந்ததைவிடப் பெருசாத் தெரியும். ஒரு பக்கத்துக்கு மூணு தட்டு தட்டணும், அவ்வளவுதான். கோபோ ரீடர்ல கேஓரீடர்ங்கிற வாசிப்பு ஆப்பைப் போட்டுக்கிட்டா ஓரம் வெட்டுறதையும் அதுவே பார்த்துக்கும். பழுப்புத் தாள் சாம்பல் புள்ளியா வந்தா கான்ட்ராஸ்டை ஏத்துங்க, பின்னணி வெளுத்துடும். கிண்டில்ல கேஓரீடர் போட ஜெயில்பிரேக் வேணும், அதாவது கம்பெனி போட்ட பூட்டை உடைக்கணும்.

வடகரை:
ஒரு பக்கத்துக்கு மூணு தட்டு, ஓரம் வெட்டணும், கான்ட்ராஸ்ட் ஏத்தணும், ஜெயில்பிரேக் வேற. 8.3 அங்குல ஐபேட் மினியில திறந்தா அப்படியே படிக்கலாம், 326 பிபிஐ. முந்நூறு பக்கத்துக்குத் தொள்ளாயிரம் தட்டு தட்டுங்க, உங்க 35 மணி நேரம் அதுக்கே சரியாப் போயிடும்.

சில்லுக்கருப்பட்டி:
பூக்ஸ் கம்பெனி கருவியை வாங்குங்கப்பா, ரெண்டு பேர் வாயும் அடைபடும். இ-இங்க் திரை, உள்ள ஆண்ட்ராய்டு. ஆப் எல்லாம் ஓடும், கேமும் ஆடலாம்.

நூல்புழு:
என்ன கேம்? செஸ், சுடோகு ஆடலாம். ஓடுற கேம் ஆடவே முடியாது. ஏ2ங்கிற வேகமான திரை மோடுலயே ஒரு மாற்றத்துக்கு சுமார் 120 மில்லி வினாடி ஆகும், அதாவது வினாடிக்கு எட்டுப் படம். அதுவும் வெறும் கறுப்பு வெள்ளை. பழைய படத்தோட நிழல் வேற தங்கும், அதைத் துடைக்கத் திரை முழுக்க ஒரு தடவை கறுத்து வெளுக்கணும். ஆண்ட்ராய்டு பின்னணியில ஓடுறதால சார்ஜும் கிண்டில் அளவுக்கு நிக்காது. ரீடரை ரீடரா வைங்க.

சில்லுக்கருப்பட்டி:
கலர் இ-இங்க் வந்தாச்சே, அதைப் பத்தி வாயே திறக்கலையே?

நூல்புழு:
கலருக்கு வருவோம். கலைடோ 3ங்கிற கலர் இ-இங்க் திரையில கறுப்பு வெள்ளை 300 பிபிஐ, கலர் 150தான். மேல வண்ண வடிகட்டி ஒண்ணு உக்காந்திருக்கு, அதனால தாள் மங்கித் தெரியும், விளக்கைக் கூட்டணும். விளக்கைக் கூட்டினா சார்ஜ் குறையும்.

வடகரை:
ஆக விளக்கு சார்ஜைத் தின்னும்னு உங்க வாயாலயே வந்துடுச்சு. ராத்திரி படிக்கிறவன் 24ல 20 வச்சா 35 மணி நேரமும் வராது.

நூல்புழு:
ராத்திரி இருட்டுல 20 வச்சா கண்ணு கூசும், 5 போதும். உங்க டேப்லெட் வெளிச்சம் திரைக்குப் பின்னாலிருந்து கண்ணுக்கு நேரா வருது. இதுல ஓரத்துலேர்ந்து தாள் மேல விழுந்து திரும்புது. மூணரை மடங்கு, அதுவும் 13ல. 5ல எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போடுங்க.

வல்லைக்காத்து:
படுக்கைவாட்டில வைச்சா ரெண்டு பத்திப் பத்திரிகைக்கு என்ன செய்யிறது? அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

வடகரை:
அவர் முதல்ல பத்து வாரத்தைத் திருத்தட்டும் அண்ணே.