மகளிர் நாள் நிகழ்ச்சியை உண்மையிலேயே பயனுள்ளதாக நடத்துவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் ஏறத்தாழ இருநூறு குடும்பங்கள் வசிக்கின்றன. ஆண்டுதோறும் மார்ச் 8-ஐ ஒட்டி மகளிர் நாள் நிகழ்ச்சி ஒன்றை நடத்தி வருகிறோம். சென்ற ஆண்டு நான்கு பேர் மேடையில் பேசினார்கள். அவர்களில் மூவர் ஆண்கள். பெண்களின் பொறுமையையும் தியாகத்தையும் பாராட்டி இரண்டரை மணி நேரம் பேச்சு நடந்தது. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த பெண்கள் ஆறு பேரும் நாற்காலி போடுவதிலும், வந்தவர்களை உபசரிப்பதிலும், பிறகு இடத்தைத் துப்புரவு செய்வதிலுமே நாளைக் கழித்தோம். எங்களில் ஒருவர்கூட உட்கார்ந்து கேட்கவில்லை.

நிகழ்ச்சி முடியும் தறுவாயில், இடுப்பில் குழந்தையோடு வாசலருகிலேயே நின்றிருந்த ஒரு பெண் என்னிடம் வந்து, "டாக்டர் யாராவது வருவாங்கன்னு நினைச்சுத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன வேண்டியிருந்தது என்று கேட்கக்கூட எனக்கு அப்போது கை ஒழியவில்லை. ஓராண்டாக அந்த முகம் என் மனதை விட்டு அகலவில்லை.

இந்த ஆண்டு பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கையில் இருப்பது சிறிய தொகை. மருத்துவ முகாம் நடத்தலாமா, மனநலம் பற்றிய பேச்சு வைக்கலாமா, தொழிற்பயிற்சிக்கு ஏற்பாடு செய்யலாமா, ஆண்களை அழைக்கலாமா என்று குழுவில் பல கருத்துகள் உள்ளன. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (பல ஆண்டுகளாக நிகழ்ச்சிகள் ஒருங்கிணைப்பவர்)

உங்கள் பதிவில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த ஆறு பெண்கள்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஊதியமின்றிச் செய்யப்படும் பராமரிப்பு வேலை நேரத்தில் 76.2 விழுக்காட்டைப் பெண்களே சுமக்கிறார்கள். வீட்டில் நடப்பதை மேடைக்குப் பின்னாலும் நடத்திவிட்டு, மேடையில் சமத்துவம் பேசுவதில் பொருளில்லை. ஆகவே ஆண்களைக் கட்டாயம் அழையுங்கள், ஆனால் பேசுவதற்கு அல்ல. நாற்காலி, துப்புரவு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றையும் அவர்களிடம் ஒப்படையுங்கள். குழந்தைகளுக்கென்று தனி அறை, நம்பகமான இருவர், உள்ளே வருவோர் போவோரைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு ஆகியவை இருந்தாலே, வாசலில் நிற்கும் பெண் உள்ளே வந்து அமர்வார்.

இரண்டாவதாக, என்ன நிகழ்ச்சி என்பதைக் குழு முடிவு செய்வதற்கு முன்பு பெண்களிடம் கேளுங்கள். வீட்டு வாசலில் நின்று கேட்டால் பெரும்பாலும் வீட்டிலுள்ள வேறொருவர்தான் பதில் சொல்வார். அது எனக்குப் பலமுறை நேர்ந்திருக்கிறது. பெயர் எழுதாத சீட்டுகளைப் போட ஒரு பெட்டி வையுங்கள். எழுதத் தயங்குபவர்களுக்காக, அவர்கள் நம்பும் ஒரு பெண் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். இரண்டு கேள்விகள் போதும்: எந்த நாளில் எந்த நேரத்தில் உங்களால் வர முடியும்? எதைப் பற்றித் தெரிந்துகொள்ள அல்லது பேச விரும்புகிறீர்கள்? ஒரு முறை நாங்கள் இப்படிக் கேட்டபோது, நாங்கள் குறித்திருந்த மாலை நேரம் யாருக்குமே ஒத்துவராது என்பது தெரியவந்தது.

1910-இல் கோப்பன்ஹேகனில் கூடிய சோசலிசப் பெண்கள் மாநாட்டில் கிளாரா செட்கினும் அவருடைய தோழர்களும் இப்படியொரு நாளை முன்மொழிந்தார்கள். மறு ஆண்டு ஜெர்மனி, ஆஸ்திரியா, டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் கூடிய பெண்கள் வாக்குரிமையையும் வேலை செய்யும் உரிமையையும் கேட்டார்கள். பாராட்டு விழாவாக அது தொடங்கவில்லை. உங்கள் நிகழ்ச்சியிலும் பெண்கள் தங்களுக்கு வேண்டியதைச் சொல்வதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். குடியிருப்பின் பொறுப்பாளர்கள் எதிரே அமர்ந்து குறித்துக்கொள்ளட்டும். இருண்ட படிக்கட்டுக்கு விளக்கு வேண்டும் என்பது போன்ற கோரிக்கைகள் அங்கேதான் வெளிவரும்.

மறுமொழி 2 (செவிலியர்)

மருத்துவ முகாம் பற்றி மட்டும் எழுதுகிறேன். தயவுசெய்து, தொடர் சிகிச்சைக்கு வழி செய்யாமல் பரிசோதனை முகாம் நடத்தாதீர்கள். ஓர் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால், பயத்தை மட்டும் கொடுத்து அனுப்பியதாகிவிடும். எந்தெந்தப் பரிசோதனைகள், அவற்றில் குறை தெரிந்தால் அடுத்து எந்த மருத்துவமனை, எந்த நாள், யார் உடன் செல்வார் என்பதை முதலில் எழுதி வையுங்கள். அதற்குப் பதில் இல்லாத பரிசோதனையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

சிறிய தொகையில் செம்மையாகச் செய்யக்கூடியவை இரண்டு: ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும். ரத்த அழுத்தம் பார்க்கும் விதத்தில் முகாம்களில் பெரும்பாலும் தவறு நேர்கிறது. வரிசையில் நின்று, பக்கத்திலிருப்பவரோடு பேசிக்கொண்டே வந்து, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி அளந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. முதுகு சாய்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்த பிறகு, துணி விலக்கிய கையை இதயத்தின் மட்டத்தில் மேசைமீது வைத்து அளக்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்து மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் வந்தாலும் ஒரே நாளின் அளவை வைத்து நோய் என்று சொல்லிவிடக் கூடாது. வேறொரு நாளிலும் பார்க்கச் சொல்லி அனுப்ப வேண்டும். கருவுற்றிருப்பவருக்கு அந்த அளவு வந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உள்ளது. கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று கொள்கிறோம். அளவு குறைவாக இருப்பவரிடம் "நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. மாதவிடாயில் எத்தனை நாள் போகிறது, எவ்வளவு போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பல ஆண்டுகளாக மிகையான உதிரப்போக்கோடு வாழ்ந்துவிட்டு, எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அன்று அவரிடம் கேட்ட முதல் கேள்விக்கே அவர் அழுதுவிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் திரை போதாது, கதவுள்ள அறை வேண்டும்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை உங்கள் கூடத்தில் செய்ய முடியாது. ஆனால் அதற்கான நாளை அங்கேயே பதிவு செய்து கொடுக்கலாம். பொதுவாக 30 வயதிலிருந்து, ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை எச்பிவி (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரே நாளில் போவதாக ஏற்பாடு செய்தால் தயக்கம் பாதி குறைந்துவிடும்.

மறுமொழி 3 (மனநல ஆலோசகர்)

செவிலியர் அம்மா எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். மனநலம் பற்றிப் பேச்சு வைத்தால், பேச்சு முடிந்ததும் யாராவது ஒருவர் உங்களைத் தேடி வருவார் என்பதை எதிர்பார்த்தே ஏற்பாடு செய்யுங்கள். தம் வாழ்நாளில் கணவர் அல்லது துணைவரின் வன்முறையையோ பிறரின் பாலியல் வன்முறையையோ சந்தித்த பெண்கள் உலக அளவில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உங்கள் கூடத்தில் அறுபது பேர் அமர்ந்திருந்தால், அவர்களில் எத்தனை பேர் அதைச் சுமந்துகொண்டு அமர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படி வருபவரிடம் தனியிடத்தில், குறுக்கிடாமல் கேளுங்கள். "நீங்கள் சொல்வதை நம்புகிறேன், இது உங்கள் குற்றம் அல்ல" என்று சொல்லுங்கள். இன்று வீட்டுக்குப் போவது பாதுகாப்பா என்று கேளுங்கள். உதவி கிடைக்கும் இடங்களைச் சொல்லுங்கள். முடிவை அவரிடமே விடுங்கள். கணவரை அழைத்துச் சமாதானம் பேசுகிறேன் என்று நல்லெண்ணத்தோடு இறங்குபவர்கள் பெரும் ஆபத்தை வரவழைத்துவிடுகிறார்கள். உடனே வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி வற்புறுத்துவதும் கூடாது, ஏனெனில் பிரிந்து செல்லும் காலத்தில்தான் வன்முறை உச்சத்துக்குப் போகக்கூடும். அதற்குத் திட்டமும் தேர்ந்தவர்களின் துணையும் வேண்டும். உதவி எண்களைத் தனித் துண்டறிக்கையாக அச்சிடாதீர்கள். தீயணைப்பு, ஆம்புலன்ஸ், குழந்தைகள் உதவி எண் ஆகியவற்றோடு சேர்த்து ஒரே அட்டையில் அச்சிட்டால், வீட்டில் யார் பார்த்தாலும் கேள்வி எழாது.

தொடர்ந்து நடத்த விரும்பினால் ஜிம்பாப்வேயின் 'நட்பு இருக்கை' திட்டத்தைப் பற்றிப் படியுங்கள். 2006-இல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா ஹராரேயில் தொடங்கியது அது. பயிற்சி பெற்ற மூதாட்டிகள் மருத்துவ நிலையத்தின் அருகே மர இருக்கையில் அமர்ந்து, வருபவரின் சிக்கல்களைக் கேட்டு, அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு வழி காண உதவுகிறார்கள். 573 பேர் பங்கேற்ற ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பிறகு, மூதாட்டிகளிடம் பேசியவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. முடிவுகள் 2016-இல் வெளியாயின. முறையான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்ததால்தான் அது பலித்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மறுமொழி 4

தொழிற்பயிற்சியைவிடச் சேமிப்புக் குழு எளிது என்பது என் அனுபவம். பதினைந்து முதல் இருபத்தைந்து பெண்கள் போதும். பணப்பெட்டிக்கு மூன்று பூட்டுகள். மூன்று சாவிகளும் மூன்று பேரிடம். பெட்டி நான்காமவரின் வீட்டில். எல்லோரும் கூடியிருக்கும்போதுதான் பெட்டி திறக்கும், எல்லோர் முன்னிலையிலும்தான் எண்ணப்படும். 1991-இல் நைஜரில் இம்முறை தொடங்கியது, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. உங்கள் நிகழ்ச்சி நாளில் விருப்பமுள்ளவர்களின் பெயர்களை மட்டும் வாங்கிக்கொண்டு, அடுத்த வாரமே முதல் கூட்டத்தை வையுங்கள். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் பெயர்ப்பட்டியல் மட்டும்தான் மிஞ்சும்.

கேட்டவர்

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று குழுவைக் கூட்டி உங்கள் மறுமொழிகளை வாசித்துக் காட்டினேன். மேடைப் பேச்சு ஒன்றுகூட வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. குழந்தைகள் அறையை இரண்டு தந்தையர் தாமாகவே முன்வந்து ஏற்றுக்கொண்டார்கள். ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பார்ப்போம், தொடர் சிகிச்சைக்கு அருகிலுள்ள மருத்துவமனையில் பேசி இரண்டு நாள்களை ஒதுக்கி வாங்கப் போகிறோம். சீட்டுப் பெட்டி இன்று காலையிலிருந்து கூடத்தில் இருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல். நிகழ்ச்சியின் புகைப்படங்களைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அன்றன்றே போட வேண்டும் என்று பொறுப்பாளர் ஒருவர் உறுதியாக இருக்கிறார். நிதி கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது என்பது அவர் வாதம்.

மறுமொழி 3-ஐ எழுதியவர்

பரிசோதனை அறை, ஆலோசனை அறை, அவற்றுக்குச் செல்லும் நடைபாதை ஆகிய மூன்று இடங்களிலும் புகைப்படம் எடுக்கக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். எந்த அறையிலிருந்து யார் வெளியே வந்தார் என்பது ஒரு படத்தில் தெரிந்தால் போதும், அந்தப் பெண் அடுத்த முறை வரமாட்டார். நிதி கொடுத்தவர்களுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு மருத்துவமனையில் நாள் பதிவானது, அவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே சென்று வந்தார்கள் என்ற மூன்று எண்களை, பெயர் எதுவும் இல்லாமல், இரண்டு மாதம் கழித்துக் கொடுங்கள். சென்ற ஆண்டு வாசலில் நின்ற அந்தப் பெண் எங்கே வசிக்கிறார் என்று தெரிந்தால், அழைப்பை அவரிடம் நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். மருத்துவர் வருவாரா, செவிலியர்தான் வருவாரா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.