குடும்ப வன்முறை மரணப் பதிவேடு: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

கேள்வி:
செய்திகளையும் காவல்துறைப் பதிவுகளையும் வைத்து, குடும்ப வன்முறையால் நேரும் மரணங்களைத் தொகுக்கிறோம். சில மரணங்கள் இரண்டு முறை பதிவாகின்றன. தற்கொலைகளைச் சேர்ப்பதா என்பதிலும் குழுவில் ஒத்த கருத்து இல்லை. அடுத்த உயிரைக் காக்க உதவும்படி பதிவேட்டை எப்படி அமைப்பது?

பதில் 1:
நடந்த இடத்தைப் பார்க்காதீர்கள், உறவைப் பாருங்கள். பிரிந்துபோன கணவர் அலுவலக வாசலில் கொன்றாலும் இந்தக் கணக்குதான். தடுக்கப் போன பக்கத்து வீட்டுக்காரரும் உடன் கொல்லப்பட்ட பிள்ளைகளும் சேர்த்தி. தற்கொலையை விடவே கூடாது. கொலையோடு கூட்டாமல் தனி வகையாக வையுங்கள். தீக்காயம், விஷம், மாடியிலிருந்து விழுந்தது என்று விபத்தாக முடித்த வழக்குகளுக்கு 'சந்தேக மரணம்' என்று இன்னொரு வகை.

சம்பவத்துக்கு ஓர் எண், அதன் கீழ் ஆளுக்கு ஓர் எண். வயது, ஊர், தேதி ஒத்துப்போனால் நிறுத்திச் சரிபாருங்கள். தாக்கப்பட்ட நாளும் மருத்துவமனையில் இறந்த நாளும் செய்திகளில் மாறி வரும்; இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

பலரும் சறுக்குமிடம் 'இல்லை', 'தெரியவில்லை' இரண்டையும் ஒன்றாக்குவது. முன்பு புகார் உண்டா என்று யாருமே விசாரிக்காத வழக்கை 'இல்லை' என்று எண்ணினால், முன்னறிகுறியே இல்லாத மரணங்கள்தான் அதிகம் என்று தோன்றும். அந்தப் பிழை அப்படியே அறிக்கைக்குப் போய்விடும்.

பதில் 2:
எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். மரணத்திலிருந்து பின்னோக்கிக் காலவரிசை எழுதுங்கள்: மருத்துவர், காவலர், பள்ளி, நீதிமன்றம் என யாருக்கு எப்போது என்ன தெரிந்தது, தெரிந்தபின் என்ன நடந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 முதல் இப்படி மீளாய்வு செய்வது சட்டக் கடமை. பழி சுமத்துவதல்ல, இடைவெளியைக் கண்டுபிடிப்பதே அதன் நோக்கம்.

துணைவரைப் பிரிந்தது, கொலை மிரட்டல், ஆயுதம், பின்தொடர்தல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். கழுத்தை நெரித்ததை 'அடித்தார்' என்பதற்குள் புதைத்துவிடாதீர்கள். முன்பு துணைவரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் கொல்லப்படும் வாய்ப்பு 7 மடங்குக்கு மேல் என்று 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வெளியே காயமே தெரியாமலும் இருக்கலாம் என்பதால் மருத்துவக் குறிப்புகளில் எளிதாக விடுபடும்.

பதில் 3:
வெளியிடும்போது கவனம். சிறிய ஊரில் வயதும் மாதமும் போதும், ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். பிழைத்த பிள்ளைகள் அங்கேதான் வாழ்கிறார்கள். 5க்குக் குறைந்த எண்ணிக்கையைப் பெரிய வட்டாரத்தோடு சேர்த்துக் காட்டுங்கள். மரணங்களை ஆராய்ந்து நீங்கள் தரும் பரிந்துரை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான துறை, கெடு தேதி, நிலை மூன்றையும் அதே பதிவேட்டில் எழுதிவையுங்கள். வழக்குகளை 6 மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்; சந்தேக மரணம் கொலை வழக்காக மாறியிருக்கலாம்.