மறு: இடர்க்காரணியா, இடர்கூட்டியா? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஜூலை 28, உலகக் கல்லீரல் அழற்சி நாளன்று காரைக்குடியில் கொடுக்க வேண்டிய துண்டறிக்கை ஒரு சொல்லால் நிற்கிறது. கல்லீரல் அழற்சி தரும் பி, சி வைரஸ்கள் (ஹெப்படைட்டிஸ் பி, சி) ஈரல் புற்றுநோய்க்கு 'ரிஸ்க் ஃபேக்டர்', அதாவது நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுபவை. இதற்குத் தமிழ் என்ன? உங்களில் சிலர் 'இடர்க்காரணி' என்கிறீர்கள், நான் 'இடர்கூட்டி' என்கிறேன்.

தேவகோட்டை ஐயா 136ஆம் குறளில் வரும் 'ஏதம் படுபாக்கு அறிந்து' என்பதைக் காட்டி 'ஏதக்காரணி' என்றார்கள். வரப்போகும் கேட்டை முன்பே அறிவது! படித்ததும் எனக்குச் சிலிர்த்தது. அப்புறம் 'காரணி' வடசொல், அதற்கு மாற்றான 'ஏது'வும் வடசொல் என்று மணிமேகலை வரைக்கும் போய், இடரும் இடறுதலும் ஒரே வேரா என்று இருபது மடல் ஓடிவிட்டது.

நேற்று வளவில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவிடம் துண்டறிக்கையைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "காரணின்னா, அந்தக் கிருமி இருந்தா புத்து வந்தே தீருமா?" என்று கேட்டார்கள். என் கவலையே அதுதான். நாள்பட்ட தொற்று உள்ள எல்லோருக்கும் புற்று வருவதில்லை, வாய்ப்புத்தான் கூடுகிறது. பல ஆண்டு அழற்சியில் ஈரல் தழும்பேறிச் சுருங்கி அதில் புற்று முளைப்பதே பெரும்பாலும் நடப்பது. ஆனால் பி வைரஸ் சிலருக்குச் சுருக்கம் இல்லாமலேயே கொண்டுவந்துவிடும்.

'மஞ்சள் காமாலை' என்றே எழுதலாம் என்ற அண்ணனுக்கு: தயவுசெய்து வேண்டாம். பி, சி தொற்று கண்ணில் மஞ்சளே காட்டாமல் வருடக்கணக்கில் உள்ளே கிடக்கும். காமாலை என்று போட்டால், நமக்குத்தான் அது இல்லையே என்று ரத்தப் பரிசோதனைக்கே வர மாட்டார்கள். காமாலை வந்தவர்களும் கீழாநெல்லி அரைத்துக் குடித்து, மஞ்சள் இறங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிடுவார்கள்.

அதனால்தான் 'இடர்கூட்டி' என்கிறேன். இடரைக் கூட்டுவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகாது, நடுவில் 'க்' போட்டுத் திருத்த வேண்டாம்.

நான்கு பேர் 'இடர்க்காரணி' ஏற்கெனவே புழங்குகிறது, போதும் என்கிறீர்கள். சரி, அச்சகத்துக்கு அதையே கொடுக்கிறேன். ஆனால் அதன் கீழே, "வைரஸ் இருந்தால் புற்று வந்தே தீரும் என்பதில்லை. பி-க்குத் தடுப்பூசி உண்டு, பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போடுங்கள். சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் மாத்திரையில் குணமாகும்" என்று எழுதியிருக்கிறேன். இடம் போதவில்லை என்று யாரும் அதை வெட்டக் கூடாது.

எனக்கு இன்னமும் இடர்கூட்டிதான்.